தூஸ்மா முசியேவின் ஊஞ்சல் பஞ்சாயத்து

உலகத்து வியாபாரிகள் எல்லாரும் ஒரே நாளில் ஒற்றுமையாகிவிட்டால், பட்டினி கிடந்து சாகக்கூடிய ஒரே நல்ல மனிதர் எங்கள் தூஸ்மா முசியேதான். அவருக்குச் சண்டை வேண்டும். அதிலும் உள்ளூர்ச் சண்டை உதவாது. வாய்க்கால் தகராறு, வாடகைத் தகராறு என்று யாராவது படியேறி வந்தால், மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். நடுவில் ஒரு சமுத்திரமாவது இருக்க வேண்டும். புதுச்சேரியில் சரக்கு செய்து கொடுத்தவர் ஒருவர், பிரான்சிலோ பெல்ஜியத்திலோ அதை வாங்கியவர் ஒருவர், இரண்டு பேருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்று காதில் விழுந்தால் போதும். மனிதருக்கு முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும்.

"மதாம் செல்வி, நல்ல கேஸ் ஒண்ணு வந்துகீது. ரெண்டு பேருமே யோக்கியங்க. ரொம்பக் கஷ்டம்!" என்று சொல்லிக் கையைத் தேய்த்துக்கொள்வார்.

அயோக்கியர்கள் சண்டை சுலபமாம். இருவருக்கும் தாங்கள் செய்தது தெரியும், சீக்கிரம் இறங்கி வந்துவிடுவார்கள். யோக்கியர்கள் சண்டைதான் தீராதாம். ஆறு வருஷம் அவரிடம் கடிதம் எழுதுபவளாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து குப்பை கொட்டிய நான் சொல்கிறேன், அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மற்ற விஷயங்களுக்கு நான் பொறுப்பில்லை.

அவருக்கு ஒரு பேர் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. யார் குரலை உயர்த்தினாலும் இரண்டு கைகளையும் விரித்துப் பூனையைத் தடவுகிற மாதிரி காற்றைத் தடவிக்கொண்டு "தூஸ்மா, தூஸ்மா" என்பார். பிரெஞ்சில் மெதுவாக, பதமாக என்று அர்த்தம். முசியே என்றால் ஐயா. மீன்காரம்மாவிடமும் தூஸ்மாதான், வெள்ளைக்காரத் துரையிடமும் தூஸ்மாதான். ஒருமுறை எங்கள் சந்துக்குள் மாடு மிரண்டு ஓடிவந்தபோது அதனிடமும் தூஸ்மா என்றார். மாடு நிற்கவில்லை. பேர் நின்றுவிட்டது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவர். "எத்தனை பேரைச் சுட்டீங்க முசியே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சுட்டது எல்லாம் ரொட்டிதாம்மா. நான் சமையக்கட்டு" என்றார்.

அங்கேதான் தொழில் கற்றாராம். பத்துத் தேசத்து ஆட்களுக்கு ஒரே அண்டாவில் சமைக்க வேண்டும். ஒருவனுக்கு உப்பு போதாது, ஒருவனுக்குக் காரம் ஆகாது, ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனையே ஆகாது. கத்தியும் துப்பாக்கியும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் ஆட்களுக்குச் சாப்பாட்டுத் தகராறு தீர்த்தவருக்கு, ஏற்றுமதி இறக்குமதித் தகராறு எம்மாத்திரம்?

புஸ்ஸி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் அவருடைய வீடும் ஆபீசும். உள்ளே நுழைகிறவர்கள் முதலில் தேடுவது மேசையை. மேசையே கிடையாது. "மேசைன்னு ஒண்ணு போட்டா அந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு வந்துடும்மா. அப்பால ஒவ்வொருத்தனும் அவன் பக்கத்தைத்தான் பேசுவான்" என்பார். மேசைக்குப் பதிலாகக் கூடத்தின் நடுவில் ஒரு தேக்கு ஊஞ்சல். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நாங்கள் இருவரும் எதிரே பிரம்பு மோடாவில்.

கேலிக்கூத்தாக இருக்கிறதே என்றுதான் நானும் முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் பாருங்கள், ஊஞ்சலில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர் மட்டும் காலை ஊன்றி ஆட்ட முடியாது. கோணிக்கொண்டு சுவரில் போய் இடிக்கும். இருவரும் ஒரே நேரத்தில் காலை ஊன்ற வேண்டும், ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பத்து நிமிஷம் இப்படி ஆடியவர்களுக்கு முன்னைப் போல முறைத்துக்கொள்ள வராது. தவிர, முறைக்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். வயதான வியாபாரிகளுக்குக் கழுத்து வலிக்கும்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து இறால் அனுப்புகிற ஒரு அண்ணன், ஆறடி உயர பெல்ஜியம்காரர் ஒருவரோடு அதில் உட்கார்ந்த காட்சியை நான் மறக்கவே மாட்டேன். அண்ணனுக்குப் பெரியவர்களிடம் "சரிங்க" என்று சொல்லித்தான் பழக்கம். நீங்கள் சொல்வது காதில் விழுந்தது என்பதற்குச் சரிங்க. நீங்கள் பேசுவது பிடிக்கவில்லை, ஆனாலும் மரியாதைக்கு நிற்கிறேன் என்பதற்கும் அதே சரிங்கதான். பெல்ஜியம்காரர் ஒவ்வொரு சரிங்கவையும் ஒப்பந்தமாக நோட்டில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். மொத்தம் பதினேழு. அதில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றுதான் வழக்கே.

முசியே உடனே ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டச் சொன்னார்: 'இங்கே சரி சொல்லக் கூடாது.' சரி என்பதற்குப் பதிலாக என்ன செய்வேன், எப்போது செய்வேன் என்று சொல்ல வேண்டும். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. வாயைத் திறப்பார், 'ச' என்று ஆரம்பிப்பார், அட்டையைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். கடைசியில் அழுகிற குரலில், "எம்மா, நான் வெளிய போய் ரெண்டு தடவ சொல்லிட்டு வந்துடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். முசியே அனுமதி கொடுத்தார். மனிதர் மாடிப்படியில் நின்று சுவரைப் பார்த்து நாலைந்து சரிங்க சொல்லிவிட்டு, நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வழக்கு முடிந்தது.

இன்னொரு பைத்தியக்காரத்தனம் சொல்ல வேண்டும். நேரில் வருபவர்களை முசியே கைலியும் கைவைத்த பனியனுமாகத்தான் வரவேற்பார். ஆனால் போன் பேசுவதென்றால் கதையே வேறு. உள்ளறைக்குப் போய் முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை, அதன்மேல் சாம்பல் நிறக் கோட்டு, காலுறை, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, நின்றுகொண்டே பேசுவார். வீடியோ போன் இல்லை, சாதாரண போன். சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

"யாரு பாக்கப் போறாங்க முசியே?" என்றால், "நேர்ல வர்றவங்களுக்கு என் மூஞ்சி தெரியும். அது போதும். போன்ல மூஞ்சி இல்ல பாரு, கொரல் மட்டும்தான் போவுது. செருப்பில்லாம நின்னாக்கூட கொரல்ல தெரிஞ்சிடும்" என்பார். இந்த மனிதரிடம் யார் வாதாடுவது? அவரோ ஆட்டோக்காரரிடம் சண்டை வந்தால்கூட, ஆட்டோக்காரர் பக்கத்து நியாயத்தைத் தானே எடுத்துச் சொல்லி, தோற்று, கைகுலுக்கிவிட்டு வருகிறவர்.

இப்போது பஷீர் பாய் விஷயத்துக்கு வருகிறேன். முசியே என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

பஷீர் பாய்க்குத் தோல் பை செய்கிற பட்டறை. அப்பா காலத்துத் தொழில். பதினெட்டுப் பேர் வேலை செய்தார்கள், அதில் பாதிக்குமேல் குருசுக்குப்பத்துப் பெண்கள். செய்கிற சரக்கில் பெரும்பகுதி பிரான்சின் லியோன் நகரத்தில் கடை வைத்திருக்கும் மதாம் எலேன் என்பவருக்குத்தான் போகும். ஒன்பது வருஷமாக ஒரு மனஸ்தாபம் இல்லை. அந்த வருஷம் மதாம், ரசாயனம் போடாத தோலில் புது மாடல் வேண்டும் என்றார். பாய் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோலில் செய்து காட்டினார். தேன் நிறம். பிடித்துப்போய்விட்டது. தொழில் வழக்கப்படி இரண்டு மாதிரிப் பைகளில் அட்டை கட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். வரப்போகும் சரக்கு அந்த மாதிரிப் பை போலவே இருக்க வேண்டும் என்பதற்கு அதுதான் சாட்சி.

எட்டு மாசம் கழித்து அறுநூறு பை லியோனுக்குப் போய்ச் சேர்ந்தது. மதாம் பெட்டியைத் திறந்தார். தன்னிடமிருக்கும் மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாதிரி நல்ல பழுப்பு. வந்த பைகளோ வெளிறிப்போய்க் கிடந்தன. உடனே உட்கார்ந்து ஒரு மெயில் தட்டினார். 'நாம் பேசிய தோல் இது இல்லை. நீங்கள் தோலை மாற்றிவிட்டீர்கள். விளக்கம் தேவை.' அவ்வளவுதான். வணக்கம் இல்லை, நலமா இல்லை. மனதில் பட்டதை மூடி மறைக்காமல் நேராக எழுதுவதுதான் அவர்கள் ஊரில் மரியாதை.

பாய் பதில் போடவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். போனும் எடுக்கவில்லை. கோபமாக இருக்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நம் ஊரில் மரியாதை. ஆனால் லியோனில் மௌனம் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மதாம் முசியேவுக்கு எழுதினார். நானே வருகிறேன், சரக்கைத் திருப்பி அனுப்புவதா இல்லையா என்று அங்கே வைத்து முடிவு செய்வோம் என்று.

பாயைக் கூட்டிவருவதுதான் கஷ்டமாகிவிட்டது. முசியே மூன்று நாள் தினமும் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை வழக்கைப் பற்றிப் பேசவில்லை. டீ குடித்துவிட்டு வந்தார். நாலாம் நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பாயே எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். "நேத்து ஏன் வரல முசியே? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு நல்லாத்தான்கீது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சி வாங்க பாய். மதாம் வர்றாங்க."

பாய் தாடியைத் தடவினார். சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். "வர்றேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், பட்டறையில் தையல் வேலை செய்யும் அஞ்சலை கீழே வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருஷம். வீடு இவள் ஊசியில்தான் ஓடியது. "எக்கா, அந்த வெள்ளக்காரம்மா சரக்கத் திருப்பிட்டா பட்டறைய மூடிடுவாங்களாமே. எங்களுக்கு வேல கீதா இல்லியான்னு மட்டும் சொல்லிடுக்கா. அதுங்காட்டியும் சோறு எறங்காது." மேலே வந்து முசியேவிடம் சொன்னேன். அவர் ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்.

இருவரும் வந்தார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். மதாம் எலேனுக்கு அறுபது வயதிருக்கும், ஒல்லி, நிமிர்ந்த முதுகு. பாய் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஊஞ்சல் இரண்டு தடவை சுவரில் போய் இடித்தது.

முதலில் மாதிரிப் பைகளை வெளியே எடுக்கச் சொன்னார் முசியே. மதாம் தன் பெட்டியிலிருந்து எடுத்தார். பாய் துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்று பழுப்பு, ஒன்று தேன் நிறம். இரண்டிலும் ஒரே அட்டை, ஒரே இரண்டு கையெழுத்து!

"மாதிரியையே மாற்றிவிட்டாரே!" என்று மதாம் பிரெஞ்சில் கூவினார். நான் மொழிபெயர்க்கும் முன்பே பாய்க்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது.

"தூஸ்மா, தூஸ்மா" என்று முசியே காற்றைத் தடவினார். மதாமின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு பையின் மேல்மூடியைத் தூக்கினார். மூடி மறைத்திருந்த இடம் அப்படியே தேன் நிறம்! பாய் வைத்திருந்த பையின் நிறம்.

"மதாம், இதை எங்கே வைத்திருந்தீர்கள்?"

"கடை முகப்பில், கண்ணாடி அலமாரியில். எட்டு மாதமாக. எல்லாரும் பார்க்கட்டும் என்று..." சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் குரல் பாதியில் நின்றுபோனது. வெயில். பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல் வெளிச்சம் பட்டால் கறுக்கும். பாயின் பை அலமாரிக்குள் துணியில் இருந்தது, கறுக்கவில்லை. ஒருவரும் ஒன்றையும் மாற்றவில்லை.

நான் சந்தோஷத்தில் மோடாவிலிருந்து எழுந்தே விட்டேன். "பாய்! இது ஒங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே! மெயிலுக்கு ஒரே ஒரு வரி பதில் போட்டிருக்கலாமே!"

"மொத நாளே தெரியும்மா" என்றார் பாய், நிதானமாக. "முப்பது வருசமா தோலத்தான பாத்துக்கினு கீறேன். திருடனான்னு கேட்டவங்களுக்கு நான் எதுக்குமா வெளக்கம் சொல்லணும்? இப்ப தெரிஞ்சிபோச்சில்ல? அது போதும். இனிமே இவங்களோட யாவாரம் வேணாம். அவங்க வேற எடம் பாத்துக்கட்டும்." எழுந்தே நின்றுவிட்டார். ஊஞ்சல் மதாமோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அடப்பாவி மனுஷா என்று இருந்தது எனக்கு. உண்மை கிடைத்தும் கேஸ் தோற்றது. கீழே வாசலில் அஞ்சலை நிற்கிறாள்.

முசியே கலங்கவில்லை. "பாய், ஒக்காருங்க. இன்னும் கோவத்த மாத்திக்கலியே" என்றார். அது எங்கள் ஆபீஸ் சடங்கு. இவர் கோபத்தை அவர் சொல்ல வேண்டும், அவர் கோபத்தை இவர் சொல்ல வேண்டும். 'ஆமாம், அதுதான் என் கோபம்' என்று மற்றவர் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார்.

பாய் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து, மதாமின் கோபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "ஒம்பது வருசமா நம்பனேன். பெட்டிய தொறந்தா வேற மாதிரி கீது. கேட்டா பதிலே இல்ல. ஒரு நாளா ரெண்டு நாளா, மூணு வாரம்! கடைல வர்றவங்களுக்கு நான் இன்னா சொல்றது? மனுசனா அவன்?" என்று குரல் ஏற ஏற, தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மொழிபெயர்த்தேன். மதாம் கண்களை அகல விரித்து, "அதேதான். ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லை" என்றார்.

அடுத்து மதாமின் முறை. "என் தோலை அவள் நம்பவில்லை என்று கோபம்" என்றார்.

"இல்ல" என்றார் பாய்.

"சரக்கைத் திருப்பிவிடுவாளோ என்று."

"இல்ல."

"வணக்கம்கூடச் சொல்லாமல் எழுதினாள் என்று."

"அது கொஞ்சம் கீது. ஆனா இல்ல."

மதாம் பாவம், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் இல்ல. பாயும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறார். முசியே என்னிடமிருந்து அந்த மெயிலின் பிரதியை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெயிலைப் படிக்காமல், யார் யாருக்கெல்லாம் காப்பி போயிருக்கிறது என்று மேலே இருந்த பெயர்களை மட்டும் படித்தார். ஒரு பெயரில் விரலை வைத்தார்.

"இந்தக் காதர் யாரு பாய்?"

"ஷிப்பிங் ஏஜெண்டு" என்றார் பாய். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "போன வருசம் நம்ம நூர்ஜஹானக் கட்டிக் குடுத்தோம்ல... மாப்புளையோட வாப்பா" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. சம்பந்தி! பெண்ணைக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பந்தி பார்க்கிற மாதிரி, திருடன் என்று எழுதிவிட்டாள்.

மதாமுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரக்கு ஏற்றுபவர் அவர். காப்பி போடாமல் எப்படி?" என்றார். சம்பந்தி என்பதைப் பிரெஞ்சில் சொல்ல நானும் முசியேவும் மாறி மாறி இருபது நிமிஷம் போராடினோம். ஒற்றை வார்த்தை அந்த பாஷையில் கிடையவே கிடையாது. மகளுடைய கணவருடைய அப்பா என்று சொன்னால், "சரி, அவருக்கென்ன?" என்கிறார். "என் மகளுடைய வீட்டுக்காரனின் பெற்றோரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கார் நிறுத்துமிடத்தில்."

முசியே மோடாவை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "மதாம், இந்த உலகத்தில் யாராவது ஒருவர் உங்களைத் திருடி என்று நினைத்தால் உங்களால் தாங்கவே முடியாது என்றால், அது யார்?"

மதாம் யோசித்தார். ஊஞ்சல் ஆடுவது நின்றுபோனது.

"என் முன்னாள் கணவருடைய அம்மா" என்றார்.

"அவருக்குக் காப்பி போட்டுவிட்டீர்கள் மதாம்!" என்றார் முசியே.

மதாம் எலேன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பாய் பக்கம் திரும்பினார். கழுத்து வலித்திருக்கும், ஆனாலும் திரும்பினார். எல்லாருக்கும் மறுபடி மெயில் போட்டுத் தப்பு என்னுடையது என்று எழுதிவிடுகிறேன் என்றார்.

பாய் தலையை ஆட்டினார். "எழுதனது எழுதனதுதாம்மா. மனசுல படிஞ்சது மெயிலாலயா போவும்? அவரு ஒரு மாசமா என் மூஞ்சிய நேரா பாக்கறதில்ல. மவளப் பாக்கப் போறதுக்கே எனக்குக் கால் வரல." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. இத்தனை பெரிய ஆள், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முசியே எழுந்தார். "மதாம் செல்வி, எல்லாருக்கும் டீ போடு" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார். முகம் கழுவும் சத்தம் கேட்டது. கோட்டு மாட்டுவது கதவிடுக்கில் தெரிந்தது. இந்த நேரத்தில் எந்தப் பிரெஞ்சுக்காரனுக்குப் போன் என்று எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு சுற்று டீ முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. ஷூ சத்தம் அறைக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நடந்தது. ஒன்றரை மணி நேரம்! வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர், "மதாம், நாளைக்கு மத்தியானம் ஒரு வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு. இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பாய், நீங்களும்தான்" என்றார்.

மறுநாள் காதர் பாய் வீட்டுக் கூடத்தில் கோரைப்பாய் விரித்து, சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் பிரியாணி வைத்திருந்தார்கள். மதாம் எலேன் சாப்பிட உட்காரவில்லை. சம்பந்திக்கு முன்னால் இரண்டு பைகளையும் வைத்தார். பழுப்புப் பையின் மூடியைத் தானே தூக்கிக் காட்டினார். "பஷீரின் தோல் சுத்தமான தோல். நான் அவசரப்பட்டு எழுதியது தவறு. எல்லார் முன்னாலும் எழுதினேன், அதனால் உங்கள் முன்னால் வந்து சொல்கிறேன்" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

காதர் பாய் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "மெயிலா? எந்த மெயிலு? நம்ம ஆபீசுக்கு ஒரு நாளைக்கு எரநூறு மெயில் வருது. யாரு அதெல்லாம் ஒக்காந்து படிக்கிறா? எனக்கு ஒண்ணுமே தெரியாதே!" என்றார். அப்புறம் பஷீர் பாயைப் பார்த்து, "இன்னா சம்பந்தி, இதுக்குத்தான் ஒரு மாசமா வீட்டுப் பக்கம் வரலியா? நான் இன்னாமோ மருமவளுக்கு கொறை வெச்சிட்டமோன்னு பயந்துக்கினு கீறேன். ஒக்காருங்க. ஆறிடும்" என்றார்.

பஷீர் பாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். சஹனிலிருந்து நல்ல கறித் துண்டாகப் பார்த்து எடுத்து, மதாமின் தட்டில் தன் கையால் வைத்தார். "செல்வியம்மா, அடுத்த சரக்கு எந்த மாசம் வேணும்னு கேளுங்க. ஒரு சீட்டும் எழுதிப் பெட்டிக்குள்ள வெச்சிடறேன், வெயில்ல வெக்காதீங்கன்னு" என்றார். நான் பிரியாணிக் கையோடு வெளியே ஓடிப்போய் அஞ்சலைக்குப் போன் போட்டேன். "வேல கீதுடி, போய் சோறு துன்னு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். எனக்கு அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்.

கிளம்பும்போது காதர் பாய் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் என் பக்கம் குனிந்தார். "முசியேகிட்ட கேட்டுச் சொல்லும்மா, நான் சரியாத்தான சொன்னேன்? நேத்து போன்ல ஒன்றர மணி நேரம் வாட்டி எடுத்துட்டாரு மனுசன்."

தெருவுக்கு வந்ததும் முசியேவைப் பிடித்துக்கொண்டேன். "பிரான்சுக்குப் போன்னு நெனச்சேன். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஆளுக்கா கோட்டு, ஷூ?"

"சம்பந்திக்குப் போன் பண்றதுன்னா சும்மாவா?"

"பெரிய மனுஷரைப் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே முசியே. பஷீர் பாய்க்கு இது தெரிஞ்சா?"

அவர் நின்றார். "அவருக்குத் தெரியாதுன்னா நெனக்கிற? ஒரு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கினவரு மெயிலே படிக்கலியாம்! நல்லாவே தெரியும். சம்பந்தி நமக்காக வாய்கூசாம ஒரு பொய் சொல்றாரு பாரு, அதவிட மரியாத ஒரு மனுசனுக்கு வேற இன்னாம்மா வேணும்?"

அன்றைக்குத்தான் அந்த ஆளை நான் முதல் தடவையாகப் புரிந்துகொண்டேன். அதற்குள் ஐந்து வருஷம் ஓடிவிட்டிருந்தது.

முசியே இப்போது பிரான்சில், தூலூஸ் நகரத்தில் மகளோடு இருக்கிறார். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை. ஊஞ்சலை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டால் அதில்தான் உட்காருகிறோம், இன்னும் சுவரில் இடிக்கிறது. அஞ்சலை பட்டறையில் இப்போது மேஸ்திரி. பெட்டிக்குள் சீட்டு வைப்பது அவள் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பகல் மூன்று மணிக்கு முசியேவிடமிருந்து போன் வரும். அவர் அங்கே கோட்டு மாட்டிக்கொண்டு நின்றுதான் பேசுகிறார், குரலில் தெரிகிறது. நான் வீட்டில் நைட்டியோடு கிடக்கிறவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டே முக்காலுக்கு எழுந்து, முகம் கழுவி, பொட்டு வைத்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, போன் பக்கத்தில் போய் நிற்கிறேன்.